புரை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்

பழனி மலைக் கிராமங்களுக்கு ஏறி வந்து இலவசக் கண் முகாம் நடத்தும் சங்கத்தாருக்கும், அறக்கட்டளையினருக்கும், முகாமுக்கு வரும் மருத்துவக் குழுவினருக்கும்,

வணக்கம். நான் பூம்பாறையில் பூண்டு விவசாயம் செய்கிறவன். உங்களைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் அத்தைக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றி, சுவரைத் தடவிக்கொண்டுதான் அடுப்படிக்குப் போவார். உங்களைப் போன்ற ஒரு குழுவினர்தான் வேனில் ஏற்றிக்கொண்டு போய், ஒரு பைசா வாங்காமல் ஆபரேஷன் செய்து, மூன்றாம் நாள் கறுப்புக் கண்ணாடியோடு ஊரில் இறக்கிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் காரியமாக, "பாத்திரத்துல இவ்வளவு கரி ஏறியிருக்கே, யாருடி விளக்குறது?" என்று மருமகளிடம் சண்டை பிடித்தார். அந்தச் சண்டையை நாங்கள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். அதனால் நன்றி இல்லாமல் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் எழுதுவது புரையைப் பற்றி இல்லை, சத்தமில்லாமல் பார்வையைப் பறிக்கும் கண் நீர் அழுத்த நோயைப் பற்றி.

என் அப்பாவும் முகாமுக்குப் போனார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. முதல் தடவை அவருக்கு 69 வயது. பள்ளிக்கூட வராந்தாவில் நீண்ட வரிசை. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எதிரே தொங்கிய எழுத்து அட்டையை வாசிக்கச் சொன்னார்கள். இரண்டு கண்ணிலும் கடைசி வரி வரை மளமளவென்று வாசித்தார். டார்ச் அடித்துப் பார்த்த தம்பி, "தாத்தா, புரை ஒண்ணும் இல்லை, நல்லா இருக்கு. போய்ட்டு வாங்க" என்றார். இரண்டு வருஷம் கழித்து வேறொரு குழு வந்தது. அதே வராந்தா, அதே அட்டை. "லேசா ஆரம்பிச்சிருக்கு, ஆபரேஷனுக்கு இன்னும் பக்குவம் வரலை" என்றார்கள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு, எழுபதைத் தாண்டியும் கண்ணாடி போடாமல் பேப்பர் படிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பேப்பர் படித்தார், உண்மைதான். ஆனால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தால் திண்ணைக்குப் பக்கத்தில் கட்டியிருக்கும் மாட்டின் மேல் இடித்துக்கொள்வார். டம்ளரைத் தட்டிவிடுவார். பக்கவாட்டில் யாராவது வந்து நின்றால் திடுக்கிடுவார். "பொடி எழுத்து தெரியுது, மாடு தெரியலையா?" என்று நாங்களே கேலி செய்திருக்கிறோம். அவர் மூடுபனி மேல் பழி போட்டார். எங்கள் ஊரில் அதுவும் நம்பக்கூடிய காரணம்தான். மத்தியானம் இரண்டு மணிக்கே பனி இறங்கிப் பத்தடி தூரத்தில் இருப்பது தெரியாத நாள் எத்தனையோ உண்டு. கண்ணுக்குள் இறங்கியது எது, மலைமேல் இறங்கியது எது என்று யார் பிரித்துப் பார்த்தோம்?

கடைசியில் ஒரு நாள் வெயில் நன்றாக அடிக்கும்போதே வயலின் கல்கட்டு விளிம்பு தெரியாமல் கால் வைத்து, கீழ்ப்பாத்தியில் விழுந்து கையை உடைத்துக்கொண்டார். கைக்குக் கட்டுப்போட மதுரைக்குக் கூட்டிப் போனபோது, வந்ததுதான் வந்தோம் என்று கண்ணையும் காட்டினேன். டாக்டரம்மா அட்டையை எடுக்கவே இல்லை. அப்பாவின் மூக்குக்கு நேராகப் பார்க்கச் சொல்லிவிட்டு, தன் விரலைப் பக்கவாட்டிலிருந்து மெதுவாகக் கொண்டுவந்தார். விரல் கிட்டத்தட்ட முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் அப்பா "தெரியுது" என்றார். பிறகு மருந்து விட்டு உள்ளே பார்த்தார். ஒரு தாளில் தட்டும் கிண்ணமும் மாதிரி இரண்டு வட்டம் போட்டுக் காட்டினார். கண்ணுக்குள் நரம்பு தொடங்கும் இடம் தட்டு, அதன் நடுவிலுள்ள பள்ளம் கிண்ணம். பெரும்பாலானவர்களுக்குக் கிண்ணம் சின்னதாகத்தான் இருக்கும். அப்பாவின் இடது கண்ணில் கிண்ணம் தட்டின் விளிம்பு வரை விரிந்துவிட்டது. நரம்பு ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. போனது திரும்பாது என்றார்.

கிளாக்கோமா என்ற சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். தமிழில் கண் நீர் அழுத்த நோய். டாக்டரம்மா விளக்கியபோது எனக்கு எங்கள் வயல்தான் ஞாபகம் வந்தது. மலைச்சரிவில் படிப்படியாகக் கல்கட்டுக் கட்டி மண் நிரப்பியிருக்கிறோம். மேலேயிருந்து ஊற்றுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். கட்டில் வடிகால் துளை விட்டிருப்போம். துளையில் இலை தழை அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கிக் கட்டைத் தள்ளும். எந்த இடம் பலவீனமோ அங்கே கட்டு பிதுங்கும். கண்ணும் இதே கதைதான். கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. அழும்போது வழியும் கண்ணீர் வேறு, இது வேறு. கருவிழிக்குப் பின்னால், ஓரத்தில் சல்லடை போன்ற ஒரு திசு வழியாக அது வடிந்து ரத்தத்தில் சேரும். சல்லடை அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். கண்ணின் பலவீனமான இடம், பின்னால் நரம்பு வெளியேறும் வாசல். அந்த நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள். அவை ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும்போது வலி கிடையாது, சிவப்பு கிடையாது. முதலில் போவது ஓரப் பார்வை. நடுப்பார்வை கடைசி வரை தாக்குப்பிடிக்கும்.

அதனால்தான் உங்கள் எழுத்து அட்டை அப்பாவைப் பாஸ் போட்டு அனுப்பியது. அட்டை நடுப்பார்வையை மட்டும்தான் அளக்கும்.

இது என் வீட்டுக்கு மட்டும் நடந்த விபத்து இல்லை. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்கள் மூன்றில், நாற்பது வயதைத் தாண்டிய 5150 பேரைப் பரிசோதித்து அரவிந்த் கண் மருத்துவமனை எடுத்த கணக்கு 2003இல் வெளியானது. அவர்களில் 2.6 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. அதிகம் காணப்படும் 'திறந்த கோண' வகை (வடிகால் வாசல் திறந்திருந்தும் சல்லடை அடைத்துக்கொள்வது) இருந்தவர்களில் 93 சதவீதம் பேருக்கு அதுவரை யாரும் கண்டுபிடித்துச் சொன்னதில்லை. அந்த வகை இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஒரு கண்ணாவது அதற்குள் போயிருந்தது. இத்தனைக்கும் அது சமவெளி. பஸ் பிடித்தால் மதுரை போய்விடலாம். மன்னவனூரிலோ கிளாவரையிலோ இருக்கிறவர் எப்போது போவார்?

புரையை மட்டும் தேடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குப் புரிகிறது. 1976இல் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் தொடங்கியபோது நாட்டின் பெரிய பிரச்சினையே புரைதான். ஒரு முகாம், இத்தனை ஆபரேஷன் என்று கணக்குக் காட்டவும் சுலபம். புரையை நாளைக்கு எடுத்தாலும் பார்வை வரும், அடுத்த வருஷம் எடுத்தாலும் வரும். இதுவோ, ஒரு வருஷம் தள்ளிப்போனால் அந்த ஒரு வருஷப் பார்வை போனது போனதுதான். காத்திருக்கக்கூடிய நோயை வேனில் ஏற்றிவிட்டு, காத்திருக்க முடியாத நோயை வீட்டுக்கு அனுப்புகிறோம்.

சரி, முகாமில் அழுத்தம் பார்க்கும் மெஷின் ஒன்று வைத்தால் போதுமா? போதாது. கண்ணில் காற்று ஊதும் அந்த மெஷின் நல்ல தொடக்கம்தான். பத்திலிருந்து இருபத்தொன்று வரை சாதாரண அழுத்தம் என்பார்கள். ஆனால் பதினாறு பதினேழிலேயே நரம்பு கெட்டுப்போகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் நரம்பை ஒருவர் பார்க்க வேண்டும், அல்லது கையடக்கக் கேமராவில் படமெடுத்து மதுரைக்கு அனுப்ப வேண்டும். இன்னொன்று, எங்கள் ஊர்க்காரர்களிடம் "கண்ணில் பிரஷர்" என்று சொன்னால், "எனக்குப் பிரஷர் எல்லாம் நார்மல், போன மாசம்தான் பார்த்தேன்" என்று கையை நீட்டுவார்கள். ரத்த அழுத்தம் வேறு, இது வேறு என்று வரிசையில் நிற்கும்போதே யாராவது சொல்லிவிட்டால் புண்ணியம்.

அப்பாவுக்குக் கண்டுபிடித்த அன்றைக்கே டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நீங்க உட்காருங்க" என்றார். பெற்றவர்களுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு. எனக்கு அப்போது 46 வயது. இரண்டு கண்ணிலும் ஆரம்பித்திருந்தது. என் தம்பிக்கு இல்லை, சித்தப்பாவுக்கு இருந்தது. ஒருவரைப் பிடித்தால் ஒரு குடும்பத்தையே பிடிக்கலாம். உங்கள் பதிவேட்டில் இதற்கென்று ஒரு பத்தி சேர்த்தால் என்ன?

வைத்தியத்தில் முதலில் சொட்டு மருந்து. ஆபரேஷனைவிடக் கஷ்டமானது இதுதான் என்பேன். ஆபரேஷன் ஒரு நாள். சொட்டு மருந்து ஆயுசுக்கும். விட்டால் எரியும், விடாவிட்டால் ஒன்றும் தெரியாது. அப்புறம் எவனுக்கு ஞாபகம் இருக்கும்? பூண்டு எடுக்கும் நாட்களில் விடிவதற்கு முன்னால் வயலுக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புவேன், பாட்டில் அலமாரியிலேயே இருக்கும். டிமோலால் என்ற மலிவான மருந்தைத்தான் முதலில் கொடுத்தார்கள். எனக்குக் குளிர்காலத்தில் மூச்சு இழைக்கும். அந்த மருந்து ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது என்று அப்புறம்தான் தெரிந்து, ராத்திரி ஒரு வேளை மட்டும் விடும் லாட்டனோபிராஸ்டுக்கு மாற்றினார்கள். பிரிக்கும் வரை ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னார்கள். எங்கள் ஊரே ஃபிரிட்ஜ்தான் என்றேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை, ஃபிரிட்ஜிலேயே வைக்கச் சொன்னார்.

லேசரும் உண்டு. சல்லடையின் மேல் லேசர் பாய்ச்சி வடிகாலைத் தூண்டிவிடுவது ஒரு வகை. இங்கிலாந்தில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், முதலிலேயே இந்த லேசர் செய்துகொண்டவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மூன்று வருஷம் கழித்தும் சொட்டு மருந்தே தேவைப்படவில்லை. மருந்துக்கடைக்கு ஒரு பகல் செலவழிக்கும் மலைவாசிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். என் இடது கண் இந்த லேசரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு வகை நோயில் சல்லடை நன்றாகவே இருக்கும், கண்மணியைச் சுற்றியுள்ள கருந்திரை முன்னால் தள்ளி வடிகால் வாசலை மூடிவிடும். திடீரென்று மூடினால் கண் சிவந்து, தலை பிளந்து, வாந்தி வரும், விளக்கைச் சுற்றி வானவில் வட்டம் தெரியும். இதைப் பித்தம் என்றும் ஒற்றைத் தலைவலி என்றும் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தால் ஓரிரு நாளில் கண் போய்விடும். இவர்களுக்குக் கருந்திரையில் லேசரால் ஊசிமுனை அளவு துளை போடுவார்கள். சிலருக்கு லென்ஸையே எடுத்து வேறு வைத்தால் வாசல் திறந்துகொள்ளும். முகாமில் கண்மணி விரிய மருந்து விடுவதற்கு முன் கோணம், அதாவது இந்த வாசல், குறுகலா என்று பார்த்துக்கொள்வதும் இதற்காகத்தான்.

எனக்கு வலது கண்ணில் மருந்து விட்டும் அழுத்தம் 28க்குக் கீழே இறங்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் டிராபெக்யுலெக்டமி என்ற ஆபரேஷன் செய்தார்கள். 1968இல் வழக்கத்துக்கு வந்த முறை, இன்றும் உலகின் பல இடங்களில் இதை நம்பிச் செய்கிறார்கள். அடைத்த வடிகாலோடு மல்லுக்கட்டாமல் புதிதாக ஒரு மடை வெட்டிவிடுவது. மேல் இமைக்கு அடியில், வெள்ளை விழியில் கதவு மாதிரி ஒரு மூடியைக் கீறி, அதற்குக் கீழே துளை போட்டு, மூடியை லேசாகத் தைத்துவிடுவார்கள். நீர் கசிந்து வெளித்தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கொப்புளமாக நிற்கும். அதற்குப் பிளெப் என்று பெயர். கண்ணாடி முன் நின்று, குனிந்து பார்த்தபடி இமையைத் தூக்கினால் எனக்கே தெரிகிறது, வெளுத்துப்போன சவ்வரிசி மாதிரி.

உடம்புக்கு அது காயம்தானே, ஆற்றி மூடப்பார்க்கும். மூடிவிட்டால் ஆபரேஷன் வீண். அதனால் மைட்டோமைசின் என்ற மருந்தைப் பஞ்சில் நனைத்து அந்த இடத்தில் ஓரிரு நிமிஷம் வைத்துக் கழுவிவிடுவார்கள். அது புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து என்று பிறகு தெரிந்தபோது கொஞ்சம் பயந்துதான் போனேன். தழும்பு விழாமல் தடுக்கத்தான் என்றார்கள். மறுநாள் அழுத்தம் எட்டு. இரண்டாம் வாரம் 22க்கு ஏறிவிட்டது. உட்கார வைத்து லேசரால் ஒரு தையலை மட்டும் துண்டித்தார்கள். அரை மணி நேரத்தில் 13. அந்த இரண்டாம் வாரம் நான் போகாமல் இருந்திருந்தால் மடை மூடியிருக்கும்.

இங்கேதான் உங்கள் வேனைப் பற்றிக் கேட்கிறேன். புரைக்கு ஒரு தடவை கீழே இறங்கி ஏறினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. இதற்கு முதல் மாதத்தில் மட்டும் நான் ஐந்து தடவை மதுரைக்குப் போனேன். விடிகாலைப் பஸ்ஸில் கொடைக்கானல், அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாக மதுரை, திரும்பும்போது கடைசி வண்டி கிடைத்தால் வீடு, கிடைக்காவிட்டால் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு பெஞ்சு. கனமான எதையும் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று சொல்லியனுப்பிய கண்ணை, கொண்டைஊசி வளைவுகளில் குலுக்கிக்கொண்டு போனேன். எனக்குப் பஸ் காசு இருந்தது, மகன் கூட வந்தான். எங்கள் பக்கத்தில் ஓர் அம்மாள் ஆபரேஷன் முடிந்து ஒரே ஒரு தடவைதான் போனார். கூலி வேலை. இப்போது அந்தக் கண் தெரியவில்லை. வேனில் புரைக்காரர்களோடு இரண்டு இருக்கையை, மறுபரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு ஒதுக்குங்கள். ஆபரேஷன் எண்ணிக்கையில் அது சேராது, தெரியும்.

இன்னொரு வேண்டுகோள், ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்: இதைச் செய்தால் பார்வை அதிகமாகாது. இருப்பது நிற்கும், அவ்வளவுதான். புரை ஆபரேஷன் எங்கள் மலைக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்துவிட்டது, கட்டுப் பிரித்தால் உலகம் பளிச்சென்று தெரிய வேண்டும். எனக்குக் கட்டுப் பிரித்தபோது முன்பைவிட மங்கலாகத்தான் இருந்தது, சில வாரம் கழித்துத்தான் பழைய நிலைக்கு வந்தது. ஊரில், "கத்தி வச்சும் ஒண்ணும் தெரியலையாம்ல" என்று பேச்சுப் பரவி, என் சித்தப்பா பயந்துபோய் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவரை இன்னும் சம்மதிக்க வைக்க முடியவில்லை. கொப்புளம் இருக்கும் வரை ஆயுசுக்கும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதையும் மறைக்க வேண்டாம். கண் சிவந்து பீளை தள்ளினாலோ வலித்தாலோ அன்றைக்கே போக வேண்டும். கிருமி உள்ளே இறங்க அதுவே வழி.

டிராபெக்யுலெக்டமி தோற்றவர்களுக்கும், தோற்கும் என்று தெரிந்தவர்களுக்கும் சிறு குழாய் வைப்பார்கள். குழாயின் ஒரு முனை கண்ணுக்குள், மறுமுனை கண்ணின் மேல்பக்கத்தில் பதித்த ஒரு தகட்டில். வெளிநாட்டுக் குழாய்கள் விலை கூடுதல். மதுரையிலேயே அரோலேப் நிறுவனம் இதைக் குறைந்த விலையில் செய்கிறது. நம் மலையடிவாரத்துச் சரக்கு. அதில் நீரைக் கட்டுப்படுத்தும் வால்வு கிடையாது. அதனால் கரையும் நூலால் குழாயைக் கட்டி வைப்பார்கள், நூல் கரைந்து குழாய் திறக்க ஐந்தாறு வாரம் ஆகும். அதுவரை மருந்தை நிறுத்தக் கூடாது, திறக்கும் நேரத்தில் டாக்டர் பார்வையில் இருக்க வேண்டும். மறுபடியும் அதே பஸ் கதைதான். புரையும் அழுத்தமும் சேர்ந்திருந்தால் இரண்டையும் ஒரே அமர்வில் செய்ய முடியும். நகரங்களில் சல்லடைக்குள் ஸ்டென்ட் என்ற நுண்ணிய குழாய் வைக்கும் முறைகளும் வந்திருக்கின்றன, ஆரம்ப நிலைக்காரர்களுக்கு. பார்வை போய் வலி மட்டும் மிஞ்சிய கண்ணுக்கு, நீர் ஊறும் இடத்தையே லேசரால் சுட்டு ஊற்றைக் குறைப்பார்கள். எந்தக் கண்ணுக்கு எது என்பது டாக்டர் பாடு. அந்த டாக்டரின் நாற்காலி வரைக்கும் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்களால் முடிகிற காரியம்.

குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண் அரிக்கிறது என்றால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிவந்து ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விடுகிற பழக்கம் எங்கள் பக்கம் உண்டு. அரிப்பு உடனே நிற்கும், அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். முகாமுக்கு வரும் தாய்மார்களை, வீட்டில் இருக்கும் மருந்துப் பாட்டிலை எடுத்துவரச் சொல்லுங்கள். பாட்டிலைப் பார்த்தாலே உங்களுக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. அந்தப் பையிலேயே கண் சொட்டு மருந்தும் வந்தால் பாதிப் பேர் மருந்தை நிறுத்த மாட்டார்கள். நான் மனுக் கொடுத்தால் அது ஒரு மனு. நீங்கள் ஆட்சியரிடம் பேசினால் கொஞ்சம் கனம் கூடும்.

அடுத்த முகாமுக்கும் அப்பாவைக் கூட்டி வருகிறேன். 78 வயது. வலது கண் மட்டும்தான், அதுவும் குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி. உங்கள் குழுவில் புதிதாக வந்த தம்பி தங்கைகளுக்குக் காட்டுவதற்கு அவர் சம்மதித்திருக்கிறார். வராந்தாவில் நாலடி தூரம் நடக்கச் சொல்லிப் பாருங்கள், பக்கவாட்டில் விரலைக் காட்டிப் பாருங்கள். அட்டைக்கு முன்னால் மட்டும் நிறுத்த வேண்டாம். இன்றைக்கும் கடைசி வரி வரை வாசித்துவிடுவார்.

இப்படிக்கு,
பூம்பாறையிலிருந்து ஒரு பூண்டு விவசாயி